இல்லாத நாளுக்கு ஒரு கெடு

அத்தியாயம் 6

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் துப்பறிவாளர் ஆர்வின் கெசல்.

மாநிலச் செனட்டர் லோவெல் ப்ரெக்கி மோட்டல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய மாட்டுப் பண்ணைக்காரர். கைப்பேசியை முழங்காலில் வைத்து, தடித்த விரலால் அழுத்தினார். அறையைச் சூடாக்கும் பெட்டி இரைந்தது. அதையும் மீறி அந்தக் குரல் வந்தது. துணியால் வாயை மூடிக்கொண்டு பேசிய குரல். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

"ப்ரெக்கி. துப்பறியும் ஆளுங்களுக்கு லைசென்ஸ் போடற மசோதாவை நீ பாஸ் பண்ணணும். உன் விரல் ரேகையை எடுத்தா என்ன வெளிய வரும்னு எனக்குத் தெரியும். உனக்கு டைம் இருக்கு..." ஒரு சின்ன இடைவெளி. "நாற்பத்தோராம் நாள் வரைக்கும்."

அவ்வளவுதான். நேற்று மாலை குரல் செய்தியாக வந்தது. அழைத்த எண் காட்டவில்லை.

ஆர்வின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மிசௌரி ஆறு உறைந்து கிடந்தது. அதன் மேல் மீன் பிடிப்பவர்களின் மரக் குடில்கள் நாலைந்து. பனிக்கட்டியில் போட்ட ஒரு துளையின் முன்னால் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்களைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

"மிரட்டுறவருக்கு முதல்ல ஒரு காலண்டர் வாங்கித் தரணும்" என்றாள் மார்லிஸ் ஹாஃப். ஆர்வினின் உதவியாளர். கதவில் சாய்ந்துகொண்டு, மோட்டலில் இலவசமாக வைத்திருந்த வாஃபிளைக் கையிலேயே சுருட்டித் தின்றுகொண்டிருந்தாள். "நாற்பத்தோராம் நாளாம். வெளியூர்க்காரன். சந்தேகமே இல்ல."

மாநிலத் தலைநகரான பியரில் ஒரு மசோதாவைக் கொல்ல யாரும் குரலை உயர்த்துவதில்லை. தெற்கு டகோட்டாச் சட்டமன்றத்தின் கூட்டத்தொடர் நாற்பது நாளுக்கு மேல் போகாது. பிடிக்காத மசோதாவை, "நாற்பத்தோராம் நாளுக்குத் தள்ளிவைக்கிறோம்" என்று ஒரு தீர்மானம் போடுவார்கள். மரியாதையாகத் தள்ளிவைத்த மாதிரியும் இருக்கும். ஆனால் அந்த நாள் வராது. சட்டமன்றக் கட்டடத்தில் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அது தெரியும்.

"இன்னிக்கு மத்தியானம் என் கமிட்டியில ஓட்டு" என்றார் ப்ரெக்கி. "ஏழு பேர். மூணு பேர் அந்தப் பக்கம், மூணு பேர் இந்தப் பக்கம். நடுவுல தலைவர்னு நான். பாஸ் பண்ணுடான்னு எவனோ சொன்னதுக்கே அதைக் கொன்னுடணும்னு கை துடிக்குது. கொன்னா அவன் வாயைத் திறப்பான். ஓட்டுக்கு முன்னாடி ஆளைக் கண்டுபிடிங்க ஆர்வின்."

"ஷெரிஃப்கிட்ட போயிருக்கலாமே?"

"போனா முதல் கேள்வி என்ன கேப்பாங்க?"

"நான் கேக்கப்போற கேள்விதான். ரேகையை எடுத்தா என்ன வரும், லோவெல்?"

ப்ரெக்கி தம் காலணிகளைப் பார்த்தார். சூட்டுப்பெட்டி நின்று, திரும்ப இரைய ஆரம்பித்தது.

"ஏதோ வரும்" என்றார்.

மார்லிஸ் மெல்லுவதை நிறுத்தினாள்.

"உங்களைக் கூப்பிட்டதுக்குக் காரணம் இருக்கு" என்று செனட்டர் எழுந்தார். "இந்த மசோதாவால உங்க ஆபீஸுக்குத்தான் அடி. வேற யாரையும்விட நீங்க வேகமா ஓடுவீங்க."

அது உண்மைதான். இதுநாள் வரை இந்த மாநிலத்தில் துப்பறிய யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. பலகை மாட்டினால் போதும். புது மசோதா உரிமம் கேட்டது, விரல் ரேகை கேட்டது, பழைய வழக்குகளைத் தோண்டச் சொன்னது. கடுங்குற்றத்துக்குச் சிறை சென்ற யாரும் அந்தத் தொழிலில் எந்த வேலையும் பார்க்கக் கூடாது என்றது, கணக்கு எழுதும் வேலையைக்கூட.

ஆர்வினின் பெயரில் எதுவும் இல்லை. முன்னாள் துணை ஷெரிஃப். மார்லிஸுக்கு இருந்தது. இருபத்திரண்டு வயதில் இதே ஊரின் பெண்கள் சிறைக்குப் போய், இருபத்தைந்தில் வெளியே வந்தவள். மசோதா நிறைவேறினால், சட்டம் அமலுக்கு வரும் ஜூலையோடு அவள் வேலை முடிந்தது.

---

வண்டியை மார்லிஸ்தான் ஓட்டினாள். எப்போதும் அவள்தான். ஆர்வினின் கண்ணுக்குப் பனி வெளிச்சம் ஒத்துக்கொள்வதில்லை.

"யார் இந்த மசோதா வேணும்னு அலையறா?" என்று அவளே கேட்டு அவளே சொன்னாள். "சிகாகோக்காரன் ரஸ்க். டெவின் ரஸ்க். பெரிய செக்யூரிட்டி கம்பெனிக்காக மெம்பர்களைச் சரிக்கட்ட வந்திருக்கானே, அவன். லைசென்ஸ் ஃபீஸ், இன்ஷூரன்ஸ்னு போட்டா நம்மள மாதிரி ரெண்டு பேர் ஆபீஸ் எல்லாம் மூடிடும். மொத்த வேலையும் அவங்களுக்கு. இந்தக் குளிர்ல மெல்லிசு ஷூ போட்டுட்டு நடக்கிறவன், ஆர்வின். அவனுக்கு நாற்பத்தோராம் நாள் என்ன தெரியும்?"

ஆர்வின் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார்.

"கேட்டீங்களா இல்லையா?"

"கேட்டேன்."

"ஒரு 'ம்' சொல்லலாம்ல? ரேடியோகூட நடுவுல கரகரன்னு ஏதாவது சொல்லும்."

"ம்."

"நன்றி. இதுக்கே சம்பளம் வாங்காம வேலை பாக்கலாம். ஜூலைக்கப்புறம் அப்படித்தான் பாக்கணும் போல."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிக்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேலி பேசினால் அவளே முதலில் சிரித்துவிடுவாள். இன்று இரண்டு முறை சிரிக்கவில்லை. வயிற்றுப் பிழைப்பு போகிறது என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் அதை ஒதுக்கினார்.

---

சட்டமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. கூட்டத்தொடர் நடக்கும் மாதங்களில் மசோதாக்கள் பாதி அங்கேதான் பிறக்கும். டெவின் ரஸ்க் மூலை மேஜையில் தனியாக உட்கார்ந்து, பாலாடை நிரப்பிய கூகென் கேக்கை முள்கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். மெல்லிய காலணியின் ஓரத்தில் உப்புக் கறை வெள்ளையாகப் படிந்திருந்தது.

"உக்காருங்க மிஸ்டர் கெசல். என்னைத் திட்ட வந்திருந்தா, வரிசையில அஞ்சாவது ஆள் நீங்க."

"திட்ட வரல" என்றார் ஆர்வின், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து. "கூப்பிட வந்தேன். நாற்பத்தோராம் நாள் எங்க ஆபீஸ்ல ஒரு சின்ன விருந்து. வர்றீங்களா?"

மார்லிஸ் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

ரஸ்க் கரண்டியை வைத்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள்.

"உங்களுக்கும் யாரோ சொல்லிட்டாங்களா? போன வருஷம் பூட்டுத் திறக்கிறவங்க லைசென்ஸுக்கு ஒரு மசோதா கொண்டு வந்தோம். கமிட்டியில நாற்பத்தோராம் நாளுக்குத் தள்ளினாங்க. நான் சிகாகோவுக்கு ஃபோன் பண்ணி, 'சார் கவலைப்படாதீங்க, தள்ளித்தான் வெச்சிருக்காங்க, அன்னிக்கு எடுப்பாங்க'ன்னு சொன்னேன். அந்த நாளுக்கு மோட்டல்ல ரூம் வேற கேட்டேன். அந்தம்மா ஃபோனைக் கீழ வெச்சிட்டுப் போய் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து, 'இன்னொரு தடவை சொல்லுங்க'ன்னாங்க. இந்த ஊர்ல எனக்கு அதுதான் பேர். நாற்பத்தொண்ணு. காபி கொடுக்கிற பொண்ணுகூட அப்படித்தான் கூப்பிடுது."

"ஐயோ பாவம்" என்றாள் மார்லிஸ். அது மட்டும் மனதார வந்த மாதிரி இருந்தது.

ஆர்வின் விடவில்லை. "செனட்டர் ப்ரெக்கிகிட்ட பேசினீங்களா? அவர் ஓட்டு இல்லாம உங்களுக்கு மசோதா இல்லையே."

ரஸ்க் கும்பிடாத குறையாகக் கைகளை நீட்டினான். "அவர்கிட்டயா? அவர் வர்ற பக்கமே நான் போறதில்ல. எங்க ஆளுங்க எல்லாருக்கும் ஒரே உத்தரவு: ப்ரெக்கியைப் பார்த்தா வானிலை பத்திப் பேசு, மசோதாவைப் பத்தி மூச்சு விடாதே. கவர்னரோட ஆள் வந்து ஒரு ரோட்டு மசோதாவுக்குக் கையைத் தூக்குங்கன்னு சொன்னதுக்காகவே கையைக் கீழ வெச்ச மனுஷன் சார் அவர். அது அவர் வீட்டுக்குப் போற ரோடு. இன்னிக்கும் மண்ரோடாத்தான் கிடக்கு."

"அப்ப யாராவது போய் அவர்கிட்ட 'பாஸ் பண்ணு'ன்னு சொல்லியிருந்தா?"

ரஸ்க்கின் சிரிப்பு அடங்கியது. "சொல்லியிருக்காங்களா? அப்ப என் மசோதா செத்துச்சு. அதைக் கொல்லணும்னு நினைக்கிறவன்தான் அப்படிச் சொல்லுவான்."

அவன் கூகென் தட்டை நகர்த்திவிட்டான். இனி அவனுக்கு அது இறங்காது.

---

குவிமாடத்தின் அடியில் ஒரு பளிங்கு இருக்கை இருந்தது. ஆர்வின் அங்கே போய் உட்கார்ந்தார். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலையை அண்ணாந்து வண்ணக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். ப்ரெக்கியிடமிருந்து தம் கைப்பேசிக்கு வாங்கி வைத்திருந்த அந்தக் குரலை அவர் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார். பேச்சை விட்டுவிட்டு, பேசாத இடங்களை மட்டும் கேட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே திறமை அதுதான். மனிதர்கள் சொல்வதில் பாதியை மறைக்க முடியும். நிறுத்தும் இடத்தை மறைக்க யாரும் நினைப்பதில்லை.

மறுபடி கேட்டார். அப்புறம் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, ரொம்ப நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்துகொண்ட பிறகு எழுந்து நடக்க வேண்டியிருப்பதுதான் இந்தத் தொழிலில் அவருக்குப் பிடிக்காத பகுதி.

மார்லிஸ் இரண்டு காபியோடு வந்தாள்.

"நாற்பத்தொண்ணு தப்பிச்சிட்டான்" என்றாள். "அடுத்து யாரு?"

"உக்காரு."

உட்கார்ந்தாள்.

"அந்த ஆள் வெளியூர் இல்ல, மார்லிஸ். வெளியூர் ஆளா இருந்தா ஒரு தேதி சொல்லியிருப்பான். வெள்ளிக்கிழமைன்னு சொல்லியிருப்பான். நாற்பத்தோராம் நாள்ங்கிற பேச்சே இந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அது தெரிஞ்ச ஒருத்தர், 'உனக்கு நாற்பத்தோராம் நாள் வரைக்கும் டைம்'னு சொன்னா என்ன அர்த்தம்?"

அவள் காபி மூடியைத் திறந்தாள். மூடினாள். "எப்பவுமே டைம் இருக்குன்னு அர்த்தம்."

"அதாவது?"

"ஒண்ணும் செய்யப்போறதில்லன்னு அர்த்தம். மிரட்டல் பொய்னு மிரட்டலுக்குள்ளேயே சொல்லிட்ட மாதிரி."

"யாரு அப்படிச் செய்வா?"

"யாருக்கும் கெடுதல் பண்ண மனசு வராத ஒரு முட்டாள்."

"மசோதா சாகணும்னு நினைக்கிற முட்டாள். ப்ரெக்கி எதிர்ப்பக்கமா இழுப்பார்னு தெரிஞ்ச முட்டாள். அதோட, ஜோக் அடிக்காம இருக்க முடியாத முட்டாள்."

பிள்ளைகளை யாரோ வரிசையில் நிற்கச் சொன்னார்கள். சத்தம் படியேறிப் போய் மேலே எங்கோ தேய்ந்தது.

"'உனக்கு டைம் இருக்கு'ன்னு சொல்லிட்டு ஒரு மூச்சு விட்டே" என்றார் ஆர்வின். "அந்த மூச்சைத்தான் இத்தனை வருஷமா என் பக்கத்து நாற்காலியில கேட்டுட்டு இருக்கேன். அதுக்கப்புறம் எப்பவும் ஒரு கேலி வரும்."

மார்லிஸ் மறுக்கவில்லை. மறுப்பாள் என்று அவர் கொஞ்சம் எதிர்பார்த்திருந்தார்.

"வாயில சாக்ஸ் வெச்சுட்டுப் பேசினேன்" என்றாள். "துவைச்ச சாக்ஸ்தான்."

"மார்லிஸ்."

"சரி. பெட்ரோல் பங்க்ல ஒரு மலிவு ஃபோன் வாங்கினேன். அவர் 'எவன்டா நீ'ன்னு கத்திட்டு, கோவத்துல மசோதாவைக் கொன்னுடுவார்னு நினைச்சேன். விரல் ரேகை, அது இதுன்னு சும்மா விட்டேன். சத்தியமா எனக்கு அவரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நம்மளைக் கூப்பிடுவார்னு நான் கண்டேனா? காலையில கட்டில்ல உக்காந்து ஷூவைப் பார்த்தாரே... 'ஏதோ வரும்'னாரே... அந்த வாஃபிள் இன்னும் தொண்டையிலயே நிக்குது."

"அப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா உள்ள போவேன். செனட்டரை மிரட்டினா என்ன கொடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். அங்க சாப்பாடு எப்படி இருக்கும்னும் தெரியும்."

ஆர்வின் காபியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. போய் ப்ரெக்கியிடம் "ஆள் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிடலாம். கிழவர் கோபத்துக்கும் பயத்துக்கும் நடுவில் ஏதாவது ஒரு பக்கம் ஓட்டுப் போடுவார். பிறகு சாகிறவரை ஒவ்வொரு முறை கைப்பேசி அடிக்கும்போதும் திடுக்கிடுவார். அந்தத் திடுக்கிடலை ஆர்வின் தம் அலுவலகத்திலிருந்தே அனுப்பிவைத்த மாதிரி ஆகும்.

"நீ போய்ச் சொல்லு" என்றார்.

"நானா?"

"நான் சொன்னா அது காட்டிக்கொடுத்தது. நீ சொன்னா அது வேற."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியும்ல? நான் இழுக்கிற பக்கம் எதுன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். அதுக்கு எதிர்ப்பக்கம் இழுப்பார். மசோதா பாஸ் ஆயிடும். என் வேலை போச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போகச் சொல்றீங்க?"

அவள் காத்திருந்தாள். அவர் பேசவே போவதில்லை என்று தெரிந்ததும் எழுந்தாள்.

"நீங்க பேசறப்போதான் எனக்குக் கஷ்டகாலம்" என்றாள்.

---

குழு அறையின் வாசலில் ப்ரெக்கி கோப்புகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். மார்லிஸ் அவரைச் சன்னல் ஓரமாக அழைத்துப் போனாள். ஆர்வின் நாலடி தள்ளி நின்றார். கேட்கக்கூடாது என்றில்லை. நடுவில் விழக்கூடாது என்று.

அவள் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தான் சிறைக்குப் போனதையும் சேர்த்து, ஒரு கேலிகூட இல்லாமல் சொன்னாள். செனட்டரின் கழுத்து சிவந்து, மெதுவாக வெளுத்தது.

"உனக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் கடைசியில்.

"ஒண்ணும் தெரியாது."

"ஒண்ணுமே?"

"கண்ணை மூடிட்டுக் கல்லு விட்டேன் செனட்டர். பட்டுடுச்சு. மன்னிச்சிடுங்க."

அவர் சுவரில் சாய்ந்தார். ஒரே ராத்திரியில் ஏறிய ஏதோ ஒன்று அவர் தோளிலிருந்து இறங்குவதை ஆர்வின் பார்த்தார். அது இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறுவதையும் பார்த்தார்.

"நான் இதைக் கொல்லத்தான் இருந்தேன்" என்றார் ப்ரெக்கி. "தெரியுமா உனக்கு? நீ ஃபோன் பண்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். கண்டவன் ரேகையைக் கவர்மெண்ட் எதுக்கு வாங்கிப் பெட்டியில வெச்சுக்கணும்? இப்ப எப்படிக் கொல்றது? ஒரு பொம்பளை வாயில சாக்ஸ் வெச்சுட்டுப் பேசினதுக்குப் பயந்தா, இல்ல அவ பாவம்னா? எதுக்குக் கொன்னேன்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

மார்லிஸின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "அப்ப நான் சும்மா இருந்திருந்தாலே போதும்."

"போதும்."

அவர் கோப்புகளை மறு அக்குளுக்கு மாற்றினார்.

"ஷெரிஃப்கிட்ட போவீங்களா?" என்றாள்.

"மாட்டேன். இரக்கம்னு நினைக்காத. போனா நான் எதுக்குப் பயந்தேன்னு கேப்பாங்க."

"அப்படி என்னதான் பண்ணீங்க?"

"நாற்பத்தோராம் நாள் சொல்றேன்" என்றார் ப்ரெக்கி. சிரிக்கவில்லை. "நீ என்ன பண்ணினே? உள்ள போனியே, எதுக்கு?"

"வண்டி ஓட்டினேன். லைசென்ஸ் இருந்துச்சு."

"விளையாடாத."

"ஒரு வீட்டுல திருடப் போனவங்களுக்கு வண்டி ஓட்டினேன். அந்த வீட்டுல ஒரு பெரியவர் இருந்தார்."

"அப்புறம்?"

உள்ளேயிருந்து குழுவின் செயலாளர் தலையை நீட்டினாள். "சார், எல்லாரும் உக்காந்தாச்சு."

ப்ரெக்கி ஒரு நொடி மார்லிஸையே பார்த்துவிட்டு உள்ளே போனார்.

---

விவாதம் நீளவில்லை. ரஸ்க் எழுந்து நான்கு வாக்கியம் பேசி, தலைவர் பக்கம் கண்ணைத் திருப்பாமலேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு உறுப்பினர் மசோதாவை நாற்பத்தோராம் நாளுக்குத் தள்ளிவைக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். பெயர்களை வரிசையாக அழைத்தார்கள். மூன்று ஆம். மூன்று இல்லை.

"தலைவர்?"

கடைசி வரிசையில் மார்லிஸ் தன் கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை" என்றார் ப்ரெக்கி.

தள்ளிவைக்கும் தீர்மானம் தோற்றது. மசோதா பிழைத்தது. ரஸ்க் நம்ப முடியாமல் அக்கம்பக்கம் பார்த்தான். மார்லிஸ் பொத்தானை விட்டுவிட்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். எழுந்து போகலாமா என்பது போல ஆர்வினைப் பார்த்தாள். அவர் அசையவில்லை. ப்ரெக்கி இன்னும் பேனாவைக் கீழே வைக்கவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார்.

"ஒரு திருத்தம்" என்றார் செனட்டர். "சிறைக்குப் போனவங்க எந்த வேலையும் பாக்கக் கூடாதுன்னு ஒரு வரி இருக்கு. அதை எடுத்துடறேன். அதுக்குப் பதிலா, உரிமம் கொடுக்க அஞ்சு பேர் வாரியம் ஒண்ணு இருக்கே, அதுக்கு முன்னாடி அவங்க நேர்ல வரணும். வக்கீல் பேசக் கூடாது. காகிதம் கொடுக்கக் கூடாது. என்ன பண்ணினாங்கன்னு அவங்க வாயாலேயே முழுசா சொல்லணும். அப்புறம் வாரியம் முடிவு பண்ணட்டும்."

"இது யாருக்குச் சலுகை, தலைவரே?" என்றார் எதிர்ப்பக்கத்து உறுப்பினர் ஒருவர்.

"சலுகையா? நீங்க பண்ணினதிலேயே கேவலமான ஒண்ணை எடுத்து, முன்னப்பின்ன தெரியாத அஞ்சு பேர்கிட்ட சொல்லிப் பாருங்க. அப்புறம் வந்து சலுகைன்னு சொல்லுங்க."

ஓரிருவர் தண்ணீர் குடித்தார்கள். திருத்தம் நிறைவேறியது. பின்னாலேயே மசோதாவும். சபையில் இன்னொரு ஓட்டு பாக்கி இருக்கிறது, ஆனால் ப்ரெக்கியின் குழுவைத் தாண்டியதை அங்கே யாரும் தடுப்பதில்லை.

வெளியே போகும்போது அவர் ஆர்வினைக் கடந்தார். நிற்கவில்லை. தலையை அசைக்கவும் இல்லை.

---

வண்டி கிளம்பி, பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கில் நின்றது. பனி மெல்லத் தூவ ஆரம்பித்திருந்தது.

"இன்னொரு தடவை அந்த மாதிரி ஃபோனைத் தொட்டா" என்றார் ஆர்வின், "ஷெரிஃபை நானே கூப்பிடுவேன்."

"தெரியும்." கொஞ்ச நேரம் கழித்து, "அஞ்சு பேர் யாரா இருப்பாங்க?" என்றாள்.

"ஒரு போலீஸ்காரர் இருப்பார். ஒரு வக்கீல். மீதி கவர்னருக்குத் தெரிஞ்சவங்க."

"சிரிக்க வெச்சுடலாமா?"

"முடியாது."

"நீங்க வருவீங்களா?"

"பக்கத்துல உக்காருவேன்."

"பேச மாட்டீங்க."

"மாட்டேன்."

விளக்கு பச்சையானது. அவள் வண்டியை நகர்த்தினாள். பாலத்தின் நடுவில், சாட்சி சொல்ல வருபவர்கள் ஒலிபெருக்கி முன்னால் சொல்வது போல, குரலைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள். "தலைவர் அவர்களே, வாரிய உறுப்பினர்களே. என் பேர் மார்லிஸ் ஹாஃப். நான் ஒரு..." நிறுத்தினாள். ஒரு மூச்சு விட்டாள். ஆர்வின் கேலிக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

திரும்ப ஆரம்பித்தாள். அலுவலகத்துக்குத் திரும்பும் தெரு வந்தது, போனது. அவள் கவனிக்கவில்லை. அவர் சொல்லவில்லை. ஊரைத் தாண்டி இருபக்கமும் வெறும் வயல்கள் வந்தன. அன்று என்ன நடந்தது என்று இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூட அவளைக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதைத் தம்முடைய மரியாதை என்று நினைத்திருந்தார்.

"நான் வண்டியிலயே இருந்தேன்" என்றாள், மூன்றாவது முறையாக, சாலையைப் பார்த்தபடி. "எஞ்சினை அணைக்கல. அவங்க ஓடி வந்து ஏறினாங்க. பின்னாடியே அந்தப் பெரியவர் வாசப்படியில வந்து நின்னார். கால்ல சாக்ஸ் மட்டும். பனி. தலையிலேர்ந்து ரத்தம் வந்துட்டு இருந்துச்சு. அவர் கத்தல. என்னை மட்டும் பார்த்தார். நான் எதுவும் பார்க்கலன்னு கோர்ட்ல சொன்னேன்."

துடைப்பான் கண்ணாடியின் மேல் போய் வந்தது.

"பார்த்தேன்" என்றாள். "பார்த்துட்டுத்தான் வண்டியை எடுத்தேன்."